விசுவாசம் போதாததால்தான் தம்பி போனானா?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை போட்ட பிறகு டவுனுக்கு வந்துவிட்டோம். வயது 38. நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சல் ஜெபத்தில் நின்றது என்றுதான் அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். போன வருஷம் என் தம்பி இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது லாரி மோதி, ஈப்போவில் ஐசியூவில் கிடந்தான். சபையே உபவாசம் இருந்தது, சங்கிலி ஜெபம் நடந்தது. வெளியூர் ஊழியர் ஒருவர் வந்து, "ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்காருவான், கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். சனிக்கிழமை விடியற்காலை போய்விட்டான். சபையில் ஓர் ஆன்டி, "வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு" என்றார். கோயிலுக்குப் போகும் எங்கள் தாய்மாமா கோடித்துணியோடு வந்தார். அதைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் அவர் எல்லார் முன்னாலும், "உங்க ஏசு என்னத்தச் செஞ்சாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை. இரவு மூன்று மணிவரை தூக்கமும் இல்லை. நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. போன வாரம் ஒரு பையன் 1 சாமுவேல் 15-ஐ விரித்துக் காட்டி, "சின்னக் குழந்தைங்களையும் கொல்லச் சொன்னாரா டீச்சர்?" என்றான். அடுத்த மாதம் தம்பிக்கு வருஷ நினைவு ஜெபக்கூட்டம். என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார் பாஸ்டர். நான் இன்னும் கிறிஸ்தவள்தானா ஐயா?
(பெயர் வேண்டாம், பேரா, மலேசியா)

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கிறிஸ்தவள்தான். கடவுளே இல்லை என்று முடிவு கட்டியவர் யார்மேல் கோபப்படுவார்? உங்கள் கடிதம் முழுக்கக் கோபம் இருக்கிறது, அதற்கு நடுநடுவே மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மன்னிப்பு வரிகளை மட்டும் இங்கே வெட்டிவிட்டேன், அவை தேவையில்லை.

சரி, அந்த ஆன்டி சொன்னதை எடுத்துக்கொள்வோம், உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ஏரோது ராஜா, யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிடுகிறான். அவ்வளவுதான், ஒரே வரி. யாக்கோபு கடைசியில் என்ன நினைத்தான், என்ன பேசினான், ஒன்றும் எழுதியில்லை. அடுத்ததாகப் பேதுருவைப் பிடிக்கிறான். அவனுக்கோ நள்ளிரவில் தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக்கதவு தானாகத் திறக்கிறது. இருவருமே பன்னிரண்டு பேரில் உள்ளவர்கள், இயேசு தனியாகக் கூப்பிட்டு மலைமேல் கூட்டிக்கொண்டுபோன மூன்று பேரில் இரண்டு பேர். ஒருத்தன் செத்தான், ஒருத்தன் வீடு வந்தான். ஏன் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் ஏதாவது ஒரு காரணத்தை எழுதித்தான் வைத்திருப்பேன், வாசிக்கிறவர்கள் கேட்பார்களே என்று.

அதற்கப்புறம் வருவதுதான் வேடிக்கை. விடுதலையான பேதுரு, அவனுக்காக ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்த வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறான். ரோதை என்ற பெண் அவன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிப்போய்ச் சொல்கிறாள். ராத்திரியெல்லாம் அவனுக்காக மன்றாடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்துச் சொன்னது, "நீ பிதற்றுகிறாய்." நம்பவில்லை! அவள் சாதித்த பிறகும், அது அவனுடைய தூதனாக இருக்கும் என்றார்கள். அவனோ வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறான். இப்போது சொல்லுங்கள், ஜெபிக்கிறவர்களின் விசுவாசத்தை அளந்து பார்த்துத்தான் ஆள் பிழைக்கிறான் என்றால், அந்த ராத்திரி பேதுரு எப்படிப் பிழைத்தான்?

பவுலும் அப்படித்தான். அவர் உடம்பில் பட்ட உருமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கிற்று என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல், தன்னோடு ஊழியத்தில் வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4-இல் போகிறபோக்கில் எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்றோ, ஏதோ மறைந்த பாவம் என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

அந்த வெளியூர் ஊழியர் விஷயத்தைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, துணிகரத்தில் சொன்னது, அவனுக்கு நீ பயப்படவேண்டாம் என்று உபாகமம் 18:22-இல் கறுப்பு மையில் அச்சாகி இருக்கிறது. எழுந்து உட்காருவான் என்று அவர் சொன்னதை நம்பி உங்கள் அம்மா சனிக்கிழமைவரை மகனிடம் விடைபெறாமலே இருந்திருப்பார், எனக்குக் கோபம் அங்கேதான். இந்த வசனத்தைப் பாஸ்டரிடம் காட்டி, அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி வேதத்தை மறைத்தவனாவேன். ஜெபத்தில் கேட்பவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள், அப்போது உங்களுக்கு உண்டாகும் என்று மாற்கு 11:24-இல் இயேசுவே சொல்லியிருக்கிறாரே. இந்த வசனத்துக்கு நான் கேட்ட பிரசங்கங்களில் பாதி, அதைப் பூசி மெழுகுகிறவை. மீதி, கேட்கிறவன் தலையில் பழியைப் போடுகிறவை. எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி, அதே மாற்குவில் இன்னும் மூன்று அதிகாரம் தள்ளிப் போய் வாசிப்பதுதான். கெத்செமனேயில் தரையிலே விழுந்து, "எல்லாம் உம்மாலே கூடும்; இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டவர் யார்? அந்த வாக்குத்தத்தத்தைக் கொடுத்தவரேதான். கேட்டார். பாத்திரம் எடுக்கப்படவில்லை, சிலுவைக்குத்தான் போனார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்த ஆன்டியும் சொல்லமாட்டார். இந்த இரண்டு இடத்தையும் ஒன்றாகத் தைக்க எனக்கு வராது, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். கேட்பதை நிறுத்தச் சொல்லி அவர் எங்கும் சொல்லவில்லை, கேட்டது எல்லாம் அவருக்கே கிடைக்கவும் இல்லை.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய வரிக்கு வருகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ராத்திரியில் பிள்ளைக்கு ஜன்னி கண்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரை எழுப்புவார்கள், அவர் கைவிரித்தால் டவுனுக்குப் போக வண்டி தேடவேண்டும், வண்டி கிடைப்பதற்குள் யாராவது ஒரு போதகரோ பக்கத்து லயத்து விசுவாசியோ வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். விடியும்போது பிள்ளை பால் குடிக்கும், அடுத்த ஞாயிறு குடும்பமே சபையில் இருக்கும். இப்படி வந்த குடும்பங்கள் தோட்டப்புறத்தில் எத்தனையோ. அந்த நன்றியை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அப்படிப் பிழைத்த பிள்ளை வளரும்போது அதன் தலையில் ஒரு பாரம் ஏறிவிடுகிறது. வீட்டு ஜெபக்கூட்டம் ஒவ்வொன்றிலும் அம்மா அந்தக் கதையைச் சொல்லியிருப்பார், நீங்கள் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்துகொண்டு தலை குனிந்திருப்பீர்கள். அந்தக் குடும்பம் ஏன் கிறிஸ்தவக் குடும்பம் என்பதற்கு அத்தாட்சியே நீங்கள்தான். சொந்தபந்தம் அத்தனையும் கோயில் பக்கம் இருக்கும்போது அந்த அத்தாட்சி தப்பாகப் போய்விடக் கூடாது இல்லையா? இப்போது தம்பி போய்விட்டான். "என்னை விட்டுவைத்தவர் அவனை ஏன் எடுத்தார்?" இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இரவு மூன்று மணிவரை விழித்திருக்கிறவர் வேறு எதை யோசிப்பார்? உடன்பிறந்தவரை இழந்து என்னிடம் பேச வருகிறவர்களில் பலர் இதைச் சொல்லக் கூசுவார்கள், நானாகத்தான் கேட்பேன், உடனே அழுகை வந்துவிடும். ஆகவே நேராகவே எழுதுகிறேன்: உங்கள் உயிருக்கு அவன் உயிர் விலையல்ல. நீங்கள் பிழைத்ததில் உங்கள் சாமர்த்தியம் இல்லை, அவன் போனதில் உங்கள் குற்றமும் இல்லை. அதே அப்போஸ்தலர் 12-தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஜெபம் கேட்கப்படாமல் போனது இந்த மண்ணில் உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 1942, 43-இல் ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனான். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள், திரும்பி வந்தவர்கள் வெறும் எலும்பாக வந்தார்கள். போனவர்களில் திருநீறு பூசியவர் இருந்தார், சிலுவை போட்டவரும் இருந்தார், வீட்டில் எல்லாத் தாய்மாரும் அவரவர் சாமியிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பிறகும் இந்த நாட்டில் தமிழ்ச் சபைகள் ஞாயிற்றுக்கிழமை மணியடித்தன. அந்தத் தலைமுறைக்குக் கேள்வி இல்லாமல் இருந்ததா? இருந்தது, நாம் அவர்களை உட்காரவைத்துக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்தவர்கள் மட்டும்தான் விசுவாசி என்றால் அந்தப் பாட்டிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உங்கள் மாமாவைப் பற்றி. சகோதரி, அவர் கேட்ட கேள்விக்கு இறையியலில் பதில் தேடாதீர்கள், அவர் கேட்டது இறையியல் இல்லை. தாய்மாமன் கோடி போடுவது நம்மில் எவ்வளவு பெரிய உரிமை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடைக்குப் போய்த் துணி எடுத்து, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த மனிதரை, அக்கா மகன் பெட்டியின் பக்கத்தில் நின்றபடி, "இங்கே அதெல்லாம் கூடாது" என்று நிறுத்தியிருக்கிறார்கள். அவமானமும் துக்கமும் சேர்ந்து வாயில் வந்ததுதான் அந்தக் கேள்வி. என் கருத்தைக் கேட்டால், துணியை வாங்கிப் போட்டிருக்கலாம். பிரேதத்துக்குத் துணி போர்த்துவதில் எந்தச் சத்தியமும் கெட்டுப்போவதில்லை, அரிமத்தியா ஊரான் யோசேப்பும் துணி வாங்கிக்கொண்டுதான் வந்தார். சில பாஸ்டர்கள் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நீங்கள் மாமா வீட்டுக்குப் போய், "அன்றைக்கு உங்களை அப்படி நிறுத்தியிருக்கக்கூடாது மாமா" என்று சொல்லுங்கள். ஏசு என்ன செய்தார் என்று மறுபடி கேட்டால், "தெரியல மாமா, நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லலாம். கர்த்தருக்காக வாதாடுகிற வக்கீல் வேலையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்கள். லாசரு செத்தபோது மார்த்தாள் இயேசுவிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரத்தில் மரியாளும் வந்து எழுத்துப் பிசகாமல் அதையே சொல்கிறாள், வீட்டுக்குள் இரண்டு பேரும் நாலு நாளாக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் போல. தம்பியை இழந்த அக்காவுக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் எனக்குத் தெரியவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அழுதார். லாசரு எழுந்தானே, என் தம்பி எழவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவேண்டிய கேள்விதான், அதையும் அவரிடமே கேளுங்கள். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான். 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதத்தில் கடைசிவரை வெளிச்சமே வராது, நண்பர்களையும் தூரமாக்கிவிட்டீர் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். நம் ஆராதனைகளில் டிரம்ஸ் வந்ததிலிருந்து இந்தச் சங்கீதங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது, அது என் பழைய புலம்பல், விடுங்கள். நீங்களாகச் சொற்களைத் தேடவேண்டாம், இந்த இரண்டில் ஒன்றைப் படுக்கும்முன் வாய்விட்டு வாசியுங்கள், போதும். நன்றி, ஸ்தோத்திரம் என்று ஒட்டுப்போட்டு முடிக்கவேண்டாம்.

அந்தப் பையனுக்கு வருவோம். முதலில், நல்ல பையன், வாசிக்கிறான். "கடவுள் செய்தால் சரியாகத்தான் இருக்கும், உட்காரு" என்று அவனை அடக்கிவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து ஈப்போவிலோ கேஎல்லிலோ வேலைக்குப் போனபின் சபைப் பக்கமே வராத பிள்ளைகளில் பலர் இப்படி உட்காரவைக்கப்பட்டவர்கள்தான். இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியரில் பிள்ளைகளையும் குழந்தைகளையும் கொல் என்று சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் ராஜாவிடம் சொல்வது அப்படியேதான் இருக்கிறது, மறைக்க முடியாது. இதைச் சபை பல விதமாக வாசித்திருக்கிறது. நியாயாதிபதியான கடவுளின் தீர்ப்பு, நமக்குக் கேட்க உரிமையில்லை என்பவர்கள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் போன்ற வேத அறிஞர்கள் இந்தப் போர்க் கதைகளை மனசுக்குள் நடக்கும் பாவத்தோடு போராடுவதாக வாசித்தார்கள், ஆகவே கேள்வி நமக்கு இன்று முளைத்ததில்லை. இன்னும் சிலர், அந்தக் காலத்து ராஜாக்கள் போர்க் கணக்கை எப்போதும் இப்படித்தான் எழுதினார்கள் என்று காட்டுகிறார்கள். இஸ்ரவேலின் பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசா செதுக்கிய கல்வெட்டு ஒன்று 1868-இல் யோர்தான் நாட்டில் கிடைத்தது, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று அவன் அதில் பெருமையடிக்கிறான், இஸ்ரவேல் அழியவில்லை. 1 சாமுவேலிலேயே பாருங்கள், 15-இல் கூண்டோடு அழிந்த அமலேக்கியர் 30-ஆம் அதிகாரத்தில் வந்து சிக்லாகு ஊரைக் கொளுத்துகிறார்கள்.

எனக்கு இந்த மூன்றாவது விளக்கம் கொஞ்சம் உதவுகிறது, முழுக்க உதவவில்லை. ஒரே ஒரு குழந்தை என்றாலும் கேள்வி அப்படியேதான் நிற்கும். நான் பிடித்துக்கொள்வது வேறு இரண்டு இடங்களை. அழிக்கப்படவிருந்த சோதோம் ஊருக்காக ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கடவுள் முகத்துக்கு நேராகவே கேட்டான், கடவுள் அவனை அடிக்கவில்லை, பேரத்துக்கு நின்றார். யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தில், எதிரி ஊரான நினிவேயின் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காகவும், ஆடுமாடுகளுக்காகவும் நான் பரிதபிக்கக்கூடாதா என்று கடவுளே தன் தீர்க்கதரிசியிடம் கேட்கிறார். பையனிடம், "இந்த இடம் டீச்சருக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் யோனாவின் நாலு அதிகாரத்தையும் வகுப்பில் உட்கார்ந்து வாசியுங்கள். அவன் இன்னும் கேட்டால் இன்னும் பேசுங்கள். நீங்கள் நம்பாத பதிலை மட்டும் அவனுக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது முகத்திலேயே தெரிந்துவிடும்.

சாட்சி சொல்லவேண்டுமா? வேண்டாம். "பாஸ்டர், இந்தத் தடவை சாட்சி சொல்ல என்னால் முடியாது, 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன்" என்று இப்போதே சொல்லிவிடுங்கள், கூட்டத்தன்று காலையில் சொன்னால் அவருக்கும் சங்கடம். முகம் சுளித்தால், அதுவும் வேதத்தில்தானே இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லலாம். மாமாவுக்கும் சொல்லி அனுப்புங்கள், வந்தால் முன்வரிசையில் அம்மா பக்கத்தில் நாற்காலி போடுங்கள், தம்பியைப் பற்றி அவர் பேச விரும்பினால் பேசட்டும். இதையும் பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வருஷமாகத் தூங்காதவருக்கு ஜெபம் வராதது அவ்வளவு ஆச்சரியமில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் வந்து புத்தி சொல்லவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். மற்ற பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். ஆகவே இந்த வாரமே உங்கள் டவுன் அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், துக்கத்துக்குப் பிறகு தூக்கம் வருவதில்லை, மனசு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். செலவு ஒரு ரிங்கிட்தான். மாத்திரை எடுத்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.